8 கஜம் துணி, 20-க்கும் மேல மடிப்பு... ஆன்லைன்ல கில்ட் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இதையெல்லாம் கவனிங்க!

ஸ்காட்லாந்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், மாப்பிள்ளையில் இருந்து மாப்பிள்ளைத் தோழர்கள் வரைக்கும் கட்டம் போட்ட கில்ட்டில்தான் நிற்பார்கள். பார்க்க முழங்கால் வரைக்குமான பாவாடை மாதிரி சிம்பிளா தெரியும். ஆனா, மரபான கில்ட் ஒன்றுக்கு 8 கஜம் துணி போகும். நம்ம பாட்டிகள் கட்டின ஒன்பது கஜம் புடவையைவிட ஒரு கஜம்தான் குறைச்சல்!

இதை உங்க அளவுக்குத் தைத்து அனுப்புகிற கடைகள் ஆன்லைனில் ஏராளம். 40 பவுண்டுக்கும் கிடைக்கும். 500 பவுண்டைத் தாண்டியும் போகும். போட்டோவில் ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். சிக்கல் அங்கேதான்.

பிரிட்டனில் ஆன்லைனில் வாங்கிய பொருள் பிடிக்கலைன்னா, 14 நாள்களுக்குள் வேண்டாம்னு சொல்லிடலாம். ஆனால், உங்க அளவுக்கென்றே தைத்த உடைக்கு அந்தச் சலுகை கிடையாது. தையலில் குறை இருந்தாலோ, சொன்னது ஒன்று வந்தது வேறு என்றாலோ நியாயம் கேட்கலாம். 'மனசுக்குப் பிடிக்கல' என்பது செல்லாது. அதனால, கேட்க வேண்டியதையெல்லாம் பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேட்டுடணும்.

துணி என்ன, எடை என்ன?

நல்ல கில்ட் கம்பளித் துணியில்தான் தைக்கப்படும். ஒரு கஜம் துணியின் எடையை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். 10, 11 அவுன்ஸ் லேசான ரகம், 13 நடுத்தரம், 16 கனமான ரகம். துணி கனமாக இருந்தால் மடிப்பு கலையாமல் நிற்கும், நடக்கும்போது அழகா அசையும். அக்ரிலிக், பாலி விஸ்கோஸ் துணிகளில் விலை குறையும். எப்போதாவது ஜாலியா போட்டுக்க அது போதும். ஆனா, 'சூப்பர் குவாலிட்டி'ன்னு மட்டும் சொல்லிட்டு, துணியையும் எடையையும் சொல்லாத கடையை நம்பாதீங்க.

பின்பக்க போட்டோ கேளுங்க

கடைக்காரர் காட்டுவது முன்பக்கம். அது தட்டையான துணி, யார் தைத்தாலும் நல்லா இருக்கும். தையல்காரரின் கை பேசுவது பின்பக்கக் கொசுவத்தில்தான். 8 கஜம் கில்ட்டில் பொதுவாக 20-க்கும் மேற்பட்ட மடிப்புகள் இருக்கும். குறுக்குக் கோடுகள் எல்லா மடிப்பிலும் ஒரே நேர்க்கோட்டில் ஓடணும். படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினால் அவசரத் தையல். இடுப்பை நோக்கிப் போகப் போக மடிப்புகள் சீராகக் குறுகணும்.

அடுத்து, கீழ் ஓரம். நல்ல கில்ட்டில் ஓரம் மடித்து அடித்திருக்க மாட்டார்கள். வேட்டிக்குக் கரை இருப்பது மாதிரி, தறியிலேயே நெய்து முடித்த ஓரமே கீழே வரும். உள்பக்க போட்டோவும் கேளுங்க. லைனிங்கும், அதற்குள்ளே மடிப்பைத் தாங்குகிற கேன்வாஸ் துணியும் வெச்சிருக்காங்களான்னு விசாரிங்க.

உங்களை எத்தனை கேள்வி கேட்கிறார்கள்?

'பேன்ட் சைஸ் சொல்லுங்க, போதும்' என்றால் உஷார். கில்ட் பேன்ட்டைவிட மேலே, தொப்புள் மட்டத்தில் நிற்கும். அந்த இடத்துச் சுற்றளவு வேறு. இடுப்பு, புட்டப் பகுதி, முழங்கால் வரையான நீளம்... குறைந்தது இந்த மூணு அளவையாவது கேட்கணும். எப்படி அளப்பதுன்னும் சொல்லித் தரணும். இவ்வளவு கேள்வி கேட்கிறாரேன்னு சலிச்சுக்காதீங்க. நிறைய கேட்கிறவர்தான் ஒழுங்கா தைப்பார்.

நிறமும் ஊரும்

டார்ட்டன் எனும் கட்டம் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேடு 2009 முதல் இணையத்தில் இருக்கிறது. கடைக்காரர் சொல்கிற பெயரை அதில் தேடி, கட்டம் ஒத்துப்போகுதான்னு பார்க்கலாம். நிறத்துக்கு மட்டும் போன் திரையை நம்பாம, சின்ன சாம்பிள் துண்டு கேட்டு வாங்குங்க.

'துணி எங்கே நெய்தது, கில்ட் எங்கே தைத்தது?' என்று ரெண்டு கேள்வியாகப் பிரித்துக் கேளுங்க. பாகிஸ்தானின் சியால்கோட்டில் இருந்தும் கில்ட்டுகள் ஏற்றுமதியாகின்றன. அங்கே தைத்தது குற்றமில்லை. அதை மறைத்து ஸ்காட்லாந்து விலைக்கு விற்பதுதான் தப்பு.

ஒரே ஒரு விழாவுக்குத்தான் என்றால், அங்கே வாடகைக்கே கில்ட் கிடைக்கும். சொந்தமா வாங்கினால் நல்லதா வாங்குங்க. இடுப்பு கொஞ்சம் பெருத்தா பக்கிளை நகர்த்தித் தைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் அப்பா போட்ட கில்ட்டைப் பிள்ளை போடுவது இன்றைக்கும் சகஜம்!