மயிற்பீலியில் நீலச் சாயம் உண்டா?

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையின் 365 படிகளிலும் காவடிகள் ஏறுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். காவடியில் செருகிய மயிற்பீலி, சற்றே திரும்பினாலும் நிறம் மாறி மின்னும். இந்நிறம் எங்கிருந்து வருகிறது? பீலியில் நீலச் சாயம் ஏதேனும் உள்ளதா?

எளிய சோதனை ஒன்று செய்யுங்கள். பீலியின் 'கண்' பகுதியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அதனூடே பாருங்கள். நீலம் மறைந்து மங்கிய பழுப்பே தெரியும். 1665-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் ஹூக் பீலியை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நீரில் நனைத்தால் அதன் வண்ணம் அழிகிறது என்று எழுதினார். சாயமானால் இப்படி நேருமா?

ஆயினும் விவாதம் ஓயவில்லை. இப்பளபளப்பு உலோகங்களின் மேற்பரப்பில் தோன்றுவதைப் போன்றது என்று 1911-இல் மைக்கல்சன் கூறினார். ராலே பிரபு அதை ஏற்கவில்லை. மென்படலமே காரணம் என்றார்.

மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் ஒளி எதிரொளிக்கிறது. இரண்டு அலைகளின் முகடுகள் ஒன்றுசேர்ந்தால் அந்நிறம் ஓங்கும். முகடும் அகடும் சேர்ந்தால் மங்கும். எந்த நிறம் ஓங்கும் என்பதைப் படலத்தின் தடிப்பும் பார்க்கும் கோணமும் முடிவு செய்கின்றன.

இவ்வழக்கில் அடுத்து நுழைந்தவர் ஒரு வேதியியலார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைட் மேசன் பல்வேறு இறகுகளை நுண்ணோக்கியின் உதவியால் ஆராய்ந்தார். கோணத்துக்கேற்ப மாறும் நிறங்களுக்கு மென்படலங்களே காரணம் என்று 1923-இல் முடிவு கூறினார். ஆனால் அப்படலங்களை அவரால் நேரில் காண இயலவில்லை. சாதாரண ஒளி நுண்ணோக்கி சுமார் 200 நானோமீட்டருக்கும் சிறிய நுட்பங்களைப் பிரித்துக் காட்டாது. ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

எலக்ட்ரான் நுண்ணோக்கி அத்திரையை விலக்கியது. உள்ளே இருந்தது ஒற்றைப் படலமன்று. வரிசை வரிசையாக அடுக்கிய மெலனின் கோல்கள்! நம் தலைமயிருக்குக் கருமை தரும் அதே மெலனின்தான். சீனாவின் ஃபூடான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003-இல் இவ்வரிசைகளின் இடைவெளியை அளந்து வெளியிட்டனர். நீலப் பகுதியில் சுமார் 140 நானோமீட்டர். பச்சைப் பகுதியில் சுமார் 150. பொருள் ஒன்றே, இடைவெளி 10 நானோமீட்டர் கூடியதும் நீலம் பச்சையாகிவிடுகிறது. மேசன் சொன்ன படலத்தின் வடிவம் வேறாக இருந்தது. ஒளியலைகளின் சேர்க்கையே நிறம் தருகிறது என்ற அடிப்படை நிலைத்தது.

பல ஆண்டுகள் பெட்டியில் கிடந்த பீலியும் நிறம் குன்றாமல் மின்னுவது இதனால்தான். வெளுத்துப்போவதற்கு அதில் நீலச் சாயமே இல்லை.