நுனிக்கொம்பும் லினக்ஸ் கணிப்பொறியும்

நம் ஊரில் அமர்ந்தபடியே கடல் கடந்த நாட்டிலுள்ள லினக்ஸ் கணிப்பொறிக்கு நாம் கட்டளையிடலாம். இவ்விந்தையைப் பாதுகாப்பாகச் செய்ய உதவுவது எஸ்.எஸ்.எச். என்னும் தொடர்பு முறை. பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட்டு யுலோனன் 1995-ஆம் ஆண்டு இதனை உருவாக்கினார். அங்கே வலையமைப்பில் கடவுச்சொற்களைத் திருடியவர்களே இதற்குக் காரணமானார்கள் எனலாம்!

அத்தொலைதூரக் கணிப்பொறியின் வலையமைப்புச் சேவையை நிறுத்தி மீண்டும் துவக்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். முதலில் 'நிறுத்து' என்கிறோம். அக்கணமே நம் தொடர்பு அறுந்துவிடுகிறது. 'துவக்கு' என்று இனி யாரிடம் சொல்வது? கணிப்பொறி பழுதாகவில்லை, நம் குரல் அதற்கு எட்டவில்லை, அவ்வளவே. நுனிக்கொம்பில் அமர்ந்து அடிக்கொம்பை வெட்டிய கதைதான்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்ததுண்டு. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் நிறுவனத்தில் பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை, அதன் கணிப்பொறி நிலையங்களை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்பையே துண்டித்தது. நம் வீடுகளில் வாட்ஸ்அப் சுமார் 6 மணி நேரம் மௌனமானது. தொலைவிலிருந்து நுழைய வழியின்றிப் பொறியாளர்கள் நேரிலேயே செல்ல வேண்டியதாயிற்று.

ஆகவே நிறுத்துவதையும் துவக்குவதையும் இரண்டாகப் பிரிக்காமல், 'ரீஸ்டார்ட்' என்னும் ஒரே கட்டளையாகத் தருகிறோம். இரண்டையும் கணிப்பொறி தானே செய்துகொள்ளும். முகவரி மாறாதிருந்தால், சில விநாடிகளில் நம் தொடர்பு பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே தொடரும். இடையில் தொடர்பு அறுந்தால் கட்டளையும் பாதியில் நின்றுவிடக்கூடும். அதற்காக முன்னால் 'நோஹப்' என்று சேர்ப்பதுண்டு. தொலைபேசியை வைத்துவிட்டாலும் வேலையை விடாதே என்பது அதன் பொருள். அழகான பெயரன்றோ?

புதிய அமைப்பிலேயே பிழை இருந்தால் இவையெல்லாம் போதா. ஆதலால் பழைய அமைப்பின் நகலை முதலில் எடுத்து வைக்கிறோம். பின்பு, 'இன்னும் 10 நிமிடத்தில் பழையதைத் திரும்ப வைத்து மீண்டும் துவக்கு' என்று 'அட்' கட்டளையால் சொல்லி வைக்கிறோம். மாற்றத்திற்குப் பின் உள்ளே நுழைய முடிந்தால் அக்கட்டளையை ரத்து செய்கிறோம். முடியாவிட்டால் 10 நிமிடம் பொறுத்திருக்கிறோம். எமக்குத் தெரிந்த முறைகளில் இதுவே மிகச் சிறந்தது.

எஸ்.எஸ்.எச். சேவையை மட்டும் மீண்டும் துவக்கினால் அச்சம் குறைவு. ஏற்கெனவே உள்ளே இருப்பவரின் தொடர்பு வழக்கமாக அறுவதில்லை. ஆனாலும் அச்சாளரத்தை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு சாளரத்தின் வழியே புதிதாக நுழைந்து பார்த்த பின்னரே முதலாவதை மூட வேண்டும்.