அன்யோ நுவேவோ கடற்கரை

அன்யோ நுவேவோ (எசுப்பானிய மொழியில் "புத்தாண்டு") என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஒரு முனையும் அதனை அடுத்த தீவும் ஆகும். 1603 சனவரி 3 இல் இவ்வழியே சென்ற செபாஸ்டியான் விஸ்காயினோவின் கப்பற் குழுவினரால் இப்பெயர் இடப்பட்டது. நெடுஞ்சாலை 1 வழியே ஒரே நாளில் சென்று திரும்பலாம்.

கலங்கரை விளக்கங்கள்

மூடுபனியும் நீரில் மறைந்த பாறைகளும் இப்பகுதியில் பல கப்பல்களை உடைத்துள்ளன. முனைக்கு வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் உள்ள பிஜன் முனை, 1853 இல் அங்கு உடைந்த 'கேரியர் பிஜன்' என்ற கப்பலால் பெயர் பெற்றது. அங்குள்ள 35 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் 1872 இல் ஏற்றப்பட்டது. அதன் பிரெனெல் வில்லை 1008 பட்டகங்களால் ஆனது. 24 பலகங்கள் கொண்ட அவ்வில்லை நான்கு நிமிடங்களில் ஒருமுறை சுழன்றதால், மாலுமிகளுக்குப் பத்து நொடிக்கொரு ஒளிவீச்சு தெரிந்தது. 2001 இல் மேல்விளிம்பின் துண்டுகள் உதிர்ந்ததால் கோபுரத்தினுள் செல்வது நிறுத்தப்பட்டது. 2011 இல் வில்லை கீழே இறக்கப்பட்டது.

அன்யோ நுவேவோ தீவின் விளக்கு நிலையம் 1948 இல் கைவிடப்பட்டது. காவலர் குடியிருந்த வீட்டில் பின்னர் கடற்சிங்கங்கள் குடியேறின.

யானைச் சீல்கள்

ஆண் யானைச் சீல் 2000 கிலோகிராமுக்கும் மேல் எடை கொண்டதாக வளரக்கூடியது. விளக்கெரிக்கவும் பொறிகளுக்கு உயவிடவும் அதன் கொழுப்பிலிருந்து எண்ணெய் எடுக்கப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மெக்சிக்கோவின் குவாதலூப்பே தீவில் நூற்றுக்கும் குறைவானவையே எஞ்சின. 1892 இல் அங்கு சென்ற ஓர் அறிவியற் குழு, கண்ட சிலவற்றுள் ஏழைக் கொன்று அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் சென்றது என்பது வியப்புக்குரியது. 1922 இல் மெக்சிக்கோ அரசு இவற்றுக்குப் பாதுகாப்பளித்தது.

1955 இல் இவை அன்யோ நுவேவோ தீவில் மீண்டும் காணப்பட்டன. 1961 இல் தீவிலும் 1975 இல் தலைநிலத்திலும் முதற் குட்டிகள் பிறந்தன. இன்றுள்ள வட யானைச் சீல்கள் அனைத்தும் எஞ்சிய அச்சிறு கூட்டத்தின் வழிவந்தவை. ஆகவே அவற்றின் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. புதிய நோயொன்று பரவினால் எதிர்த்து நிற்கும் திறன் கொண்டவை அவற்றுள் குறைவாகவே இருக்கக்கூடும் என்பதே ஆய்வாளர்களின் கவலை.

பார்வையிடல்

தாய் ஏறத்தாழ நான்கு வாரங்கள் உண்ணாமலேயே பாலூட்டும். அதற்குள் 34 கிலோகிராம் குட்டி 130 கிலோகிராமைக் கடந்துவிடும். இனப்பெருக்கக் காலமாகிய டிசம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் இறுதி வரை வழிகாட்டியுடன் மட்டுமே செல்ல இயலும். மணற்குன்றுகளூடே ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்கவேண்டும். சீல்களிடமிருந்து குறைந்தது 8 மீட்டர் விலகி நிற்றல் வேண்டும். மந்தமாகக் கிடப்பது போல் தோன்றும் ஆண் சீல், மணலில் குறுகிய தூரத்துக்கு மிக விரைவாகப் பாயக்கூடியது.