உடனுறை செவிலியும் இராப்பொழுதும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், அந்நகருக்குச் சற்று முன்னே அமைந்தது குருவிட்ட. எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறுவோர் இவ்வூரிலே சாலையை விட்டுப் பிரிவர். சூழவுள்ள மேடுகளில் இறப்பரும் தேயிலையும் பயிராகின்றன. இத்தகைய தோட்டங்களின் லயங்களிற் பிறந்த பெண்கள் கொழும்பு மனைகளுக்கு வீட்டுவேலைக்குச் செல்வது நெடுங்கால வழக்கம். முன்னர்ச் சமையலுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் அழைக்கப்பட்டோர், இன்று மறதிநோய் வாய்ப்பட்ட முதியோரைப் பேணவும் அழைக்கப்படுகின்றனர். பிள்ளைகள் கடல்கடந்து வாழ, மனையில் எஞ்சியிருப்போர் முதியவரும் அவருடன் உறையும் செவிலியுமே.

மறதி என்னும் சொல் இந்நோயை முற்றக் குறிப்பதன்று. 1901 நவம்பரில், ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனைக்கு 51 வயதினளான பெண்ணொருத்தி கொணரப்பட்டாள். மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் அவள் கணவனின் பெயரை வினவியபோது, அவள் தன் பெயரையே விடையாகக் கூறினாள். 1906இல் அவள் இறந்தபின் மூளையை ஆராய்ந்த அவர், அவ்வாண்டே தூபிங்கன் நகரில் தாம் கண்டதை எடுத்துரைத்தார். 1910இல் கிரேப்பெலின் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரை வழங்கினார். மறதிநோய்களுட் பெரும்பாலானவை இவ்வகையினவே. அண்மை நிகழ்ச்சிகளைப் பதித்துக்கொள்ளும் மூளைப்பகுதி முதலிற் கெடும். கைப்பழக்கமாய்ப் படிந்தவை நெடுநாள் நிலைக்கும். காலையில் உண்டதை மறந்த மூதாட்டி, கையிற் சுளகைக் கொடுத்தால் அரிசியைப் பிழையின்றிப் புடைத்தலும் கூடும்.

இதனை நூலிற் கல்லாத செவிலி சில கிழமைகளிலே கண்டுகொள்கிறாள். குளிக்க வாருங்கள் என்றால் மறுக்கும் முதியவர், வெந்நீரும் துவாயும் கண்முன் வைக்கப்பட்டால் இணங்குவதுண்டு. இறந்த கணவர் எங்கே என்று மூதாட்டி ஒரு நாளிற் பன்முறை வினவுவாள். உண்மையை உள்ளவாறு உரைத்தால், ஒவ்வொரு முறையும் அவளுக்கு அது புதிய சாவு. எனவே செவிலி விடை கூறாது, "ஐயா எப்படிப்பட்டவர், அம்மா?" என்று திருப்பிக் கேட்கிறாள். இது பொய்மையோ என ஐயுறுவோர், வள்ளுவர் வாய்மைக்குத் தீமையின்மையையே இலக்கணமாக வகுத்ததை நினைவுகூர்வாராக.

மொழியும் இங்கே கருதத்தக்கது. பன்மொழி பயின்றவர் இந்நோயிற் பிற்காலத்திற் கற்ற மொழியை இழந்து, இளமையின் மொழிக்கே மீளுதல் உண்டு. ஆங்கிலத்திலேயே அலுவல் நடத்தியவர் சிங்களத்திலோ தமிழிலோ மட்டும் பேசத் தொடங்குவார். லயத்திலே தமிழும் அயற்கிராமத்திலே சிங்களமும் பயின்ற குருவிட்டப் பெண் இரண்டிற்கும் உரியவள். வெளிநாட்டிலுள்ள மகனுக்கு விளங்காத தாயின் பேச்சு அவளுக்கு விளங்கும். அதற்கெனத் தனி ஊதியம் எவரும் தருவதில்லை.

இவற்றினும் கடியது இரவு. உடலின் நாழிகையை நடத்தும் மூளைப்பகுதியும் நோயிற் சிதைவதால், அந்தி சாயும்போது கலக்கம் மிகும். நள்ளிரவில் எழுந்து, பிறந்த வீட்டுக்குப் போகவேண்டுமென்று வாயிற்கதவைத் தேடுவோர் பலர். செவிலி அக்கட்டிலருகிலே பாயை விரித்துக் கிடப்பாள். இறப்பர்ப் பால் விடியற்காலையில் மிகுதியாய் ஊறுமாதலின், பால் வெட்டுவோருக்கு வைகறையில் எழுதல் இயல்பே. ஆயினும் வைகறையில் எழுதல் வேறு, உறங்காமை வேறு.

தோட்டத்தில் உழைப்பு "பேர்" என்னும் அளவால் எண்ணப்படும், குறைந்தால் அரைப்பேர். அவ்வளவு கடுமையானதாயினும் அஃது ஒரு கணக்கு. மனையின் இரவுக்கோ பேருமில்லை, அரைப்பேருமில்லை. வீட்டு வேலையாளர் பற்றி இலங்கையில் 1871இல் எழுந்த கட்டளைச் சட்டம் அவர்களைப் பதிவு செய்வது பற்றியதேயன்றி, அவர்தம் வேலைநேரம் பற்றியதன்று. 2011இல் சர்வதேசத் தொழில் நிறுவனம் ஏற்றுக்கொண்ட 189ஆம் சமவாயம், கிழமைக்குத் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வை வகுத்தது. அழைப்பை எதிர்நோக்கி மனையிலே காத்திருக்கும் நேரமும் தேசியச் சட்டம் வரையறுக்கும் அளவிற்கு வேலைநேரமாகும் என்றது. இலங்கையரும் செவிலியராய்ச் செல்லும் இஸ்ரேலிலோ, 2013இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால், உடனுறை செவிலியர்க்கு மேலதிக நேர ஊதியச் சட்டம் பொருந்தாதெனக் கூறியது. உறக்கமும் பணியும் பிரித்தளக்க இயலாதன என்பது அத்தகைய தீர்ப்புக்குத் துணைநிற்கும் வாதம். அளக்க அரியது என்பதனால் அஃது இல்லையென்றாகிவிடுமோ?

அளத்தல் அத்துணை அரியதுமன்று. முதியவர் இரவில் எப்பொழுது எழுந்தார், எவ்வளவு நேரம் நடந்தார், எப்பொழுது மீண்டும் துயின்றார் என்பவற்றைக் குறித்து வருமாறு மருத்துவர் கேட்பதுண்டு. மருந்தின் அளவையும் வேளையையும் தீர்மானிக்க அக்குறிப்பு உதவும். அதற்குத் தலைமாட்டில் ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். முதியவர் எழுந்த நேரமெல்லாம் செவிலி விழித்த நேரமே. கொப்பியை மருத்துவரிடம் காட்டும் வீட்டார், மாத முடிவிற் கூலி கொடுக்கும்போதும் அதனை ஒருமுறை விரித்துப் பார்க்கலாம்.