வாலில்லாச் சாட்டைத்தேள்: அடையாளமும் வளர்ப்பும்

கணுக்காலிகள் பாடத்தில் அரக்னிடா வகுப்புக்குச் சிலந்தி, தேள், உண்ணி என்று மூன்று எடுத்துக்காட்டுகளைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதே வகுப்பில் ஆம்ப்ளிபைஜி என்றொரு வரிசையும் உண்டு. தமிழில் வாலில்லாச் சாட்டைத்தேள் எனலாம். பெயரில் தேள் இருந்தாலும் இது தேள் அன்று. கொடுக்கு கிடையாது, நஞ்சு கிடையாது, சிலந்தியைப்போல் நூல் நூற்பதும் கிடையாது. 2005இல் வெளிவந்த ஹாரி பாட்டர் படத்தின் வகுப்பறைக் காட்சியில் வரும் பிராணி இதுதான்.

எங்கள் பள்ளி எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், வெளிநாட்டார் ஒருவர் இதைக் கையில் ஊரவிடும் காணொளியைப் பார்த்துவிட்டு, “சார், நம்ம ஊர்லயும் இருக்குமா? பிடிச்சு வளர்க்கலாமா?” என்று கேட்டான். வளர்ப்போரிடையே பரவலாக இருப்பது கென்யா, தான்சானியா பகுதியைச் சேர்ந்த டேமன் டயடெமா என்ற இனம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஃபிரைனிக்கஸ் என்ற பேரினம் உண்டு. பகலெல்லாம் பாறை இடுக்கிலும் கல்லடியிலும் மரப்பட்டைக்குள்ளும் பதுங்கியிருக்கும். சிக்கலே அங்கேதான். தேள் பதுங்குவதும் அதே இடத்தில். செந்தேள் கொட்டினால் சிறுவர்களின் இதயமும் நுரையீரலும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே “இது விஷமில்லாதது” என்று வகுப்பில் சொல்லுமுன் அடையாளத்தை ஐயமறச் சொல்லியாக வேண்டும்.

வால் இல்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது. ஓய்விலிருக்கும் தேள் வாலைச் சுருட்டி உடலோடு ஒட்டி வைத்திருக்கும். மங்கிய வெளிச்சத்தில் தெரியாது. நடக்கும் கால்களை எண்ணச் சொல்லுங்கள். தேளும் சிலந்தியும் எட்டுக் கால்களாலும் நடக்கும். இது ஆறு கால்களால்தான் நடக்கும். முதல் இணைக் கால்கள் நூல்போல் மெலிந்து நீண்டிருக்கும். அவற்றை முன்னும் பக்கத்திலும் வீசித் தடவியே வழியையும் இரையையும் அறிகிறது. சாட்டை என்ற பெயர் வந்தது இதனால்தான். படத்தைக் காட்டியபோது, “ஆறு கால்னா பூச்சிதானே சார்?” என்றாள் ஒரு மாணவி. நல்ல கேள்வி. உணர்கொம்பின் வேலையைச் செய்யும் அந்தச் சாட்டைகளும் கால்களே என்று விளக்க அது வழிவிட்டது.

அடுத்து முன்கைகளைப் பார்க்க வேண்டும். தேளுக்கு இருப்பது இடுக்கி. இதற்கு இருப்பது கும்பிடுபூச்சியின் கைபோல் மடங்கும், முள் நிறைந்த கைகள். தட்டையான உடல் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். சாட்டைகளை விரித்தால் ஒரு சாண்கூட வரும். நண்டுபோல் பக்கவாட்டில் ஓடும். இத்தனையும் தெளிவாகத் தெரிந்தாலும் மாணவர்கள் கல்லுக்கடியில் கைவிடக் கூடாது என்பது என் கண்டிப்பு.

பிடித்து வளர்ப்பதைப் பற்றியும் அவனிடம் வேண்டாம் என்றே சொன்னேன். கோஸ்டாரிகா காட்டில் இவ்வரிசையைச் சேர்ந்த ஓர் இனத்தைச் சுமார் 10 மீட்டர் அப்பால் கொண்டுபோய் விட்டபோதும் இருட்டில் தன் பழைய மரத்துக்கே திரும்பியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படி இடம் அறிந்து வாழும் உயிரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைப்பதில் என்ன கற்கப்போகிறோம்? இருந்த இடத்திலேயே, எட்ட நின்று, சிவப்புத் தாள் கட்டிய டார்ச் வெளிச்சத்தில், பெரியவர் துணையோடு பார்க்கலாம்.

ஆனால் வளர்ப்பவர்கள் செய்வதைத் தெரிந்துகொள்வது பாடத்துக்கு உதவும். அகலமான தொட்டியைவிட உயரமான தொட்டியே இதற்கு வேண்டும். உள்ளே சொரசொரப்பான மரப்பட்டையைச் சற்றே சாய்த்து நிறுத்துவார்கள். அடியில் ஈரமான தேங்காய் நார்க்கழிவு, ஆழமில்லாத தண்ணீர்த் தட்டு, காற்றோட்டத்துக்கு வலைமூடி. ஈரம் காயாமல் நீர் தெளிப்பார்கள். வெயில் படாத, இருண்ட மூலையில் வைப்பார்கள். உணவு வாரம் ஓரிரு முறை. சுவர்க்கோழி அல்லது சிறு கரப்பான் போதும். மருந்து அடித்த இடத்தில் பிடித்த பூச்சி ஆகாது. கையில் எடுத்துக் கொஞ்சுவதும் கூடாது. முள் குத்துவது நமக்குச் சிறு காயம்தான், அதற்கோ கால் ஒடிந்துவிடும்.

தாய் முட்டைப் பையை வயிற்றின் அடியில் சுமக்கும். பொரிந்த குஞ்சுகள் முதுகில் ஏறி, முதல் தோல் உரியும்வரை அங்கேயே இருக்கும். டேமன் டயடெமா குஞ்சுகள் அதன் பிறகும் பல மாதம் தாயை விட்டு விலகுவதில்லை. தாய் சாட்டையால் அவற்றைத் தடவிக்கொண்டே இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் லிண்டா ரேயர் 2006இல் இதை எழுதியபோது, அரக்னிடாக்கள் தனித்து வாழ்பவை என்ற பொதுக்கருத்தை மறுபடி யோசிக்க வேண்டியதாயிற்று.

தொட்டிக்கு உயரம் கேட்டதன் காரணம் தோலுரிப்பு. பட்டையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கி, பழைய தோலிலிருந்து கீழ்நோக்கி நழுவி வெளியே வரும். கீழே இடமில்லாவிட்டால் தரையில் இடித்து உடல் கோணிப்போகும், பெரும்பாலும் இறந்துவிடும். பிழைத்தால் ஒடிந்த கால்கூட அடுத்தடுத்த உரிப்புகளில் மீண்டும் வளரும். உரிக்கும் நாட்களில் இரைப் பூச்சிகளை வெளியே எடுத்துவிட வேண்டும். உடல் மிருதுவாக இருக்கும்போது அவையே இதைக் கடித்துவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் காலையில் தொங்கும் வெற்றுத் தோலைப் பார்த்து, செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுவது உண்டு. பக்கத்திலேயே, நிறம் ஏறாமல் வெளிறிப்போய், அது உட்கார்ந்திருக்கும்.