லாக் கோப்பும் டிரேஸ் திரையும்

தருமபுரி அரசு பொறியியல் கல்லூரி செட்டிக்கரையில் தொடங்கியது 2013இல். டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருள் வெளிவந்ததும் அதே ஆண்டுதான். அந்தக் கல்லூரியின் முதல் அணி 2017இல் படிப்பை முடித்தபோது, பெங்களூரு அலுவலகங்களில் ஒரே பெரிய நிரலாக இருந்த மென்பொருள்கள் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரிந்துகொண்டிருந்தன. கூகுள் 2014இல் அறிவித்த குபெர்னெட்டிஸ் அவற்றை நிர்வகிக்கத் தொடங்கியிருந்தது. ஓசூர் வழியாக பஸ் ஏறிப் போன எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலையின் முதல் நாளே இப்படிப் பிரித்த மைக்ரோசர்வீஸ்தான். அவர்களுக்கு முன்னால் போன எங்கள் தலைமுறை இரண்டு காலத்தையும் பார்த்தது.

அன்று ஒரு மென்பொருள் என்றால் ஒரு சர்வர், ஒரு டேட்டாபேஸ், ஒரு லாக் கோப்பு. ஏதாவது பழுது என்றால் சர்வரில் நுழைந்து, அந்தக் கோப்பின் கடைசி வரிகளைப் பார்த்தபடி உட்காருவோம். விலையைக் கணக்கிடுவது, இருப்பைப் பார்ப்பது, பணத்தை வசூலிப்பது எல்லாம் ஒரே நிரலுக்குள் நடந்தன. எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் உடைந்தது என்பதைப் பிழைச் செய்தியே சொல்லிவிடும். நெட்வொர்க்கைப் பார்க்கும் தேவை எப்போதாவதுதான் வரும். வந்தால் 1988இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதப்பட்ட டிசிபிடம்ப் இருந்தது. ஜெரால்டு கூம்ப்ஸ் 1998இல் ஈதீரியல் என்று வெளியிட்டு, 2006இல் வயர்ஷார்க் என்று பெயர் மாறிய கருவி இருந்தது. அந்த முனை ஒரு ஐபி முகவரி, இந்த முனை ஒரு ஐபி முகவரி. இரண்டும் மாதக்கணக்கில் மாறாது. உள் நெட்வொர்க்கில் பெரும்பாலும் மறையாக்கம் இல்லாததால், போவதும் வருவதும் அப்படியே படிக்கக் கிடைத்தன.

இன்று ஒரு ஆர்டர் பத்து சர்வீஸ்களைத் தாண்டிப் போகிறது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் பல பாட்கள், அதாவது குபெர்னெட்டிஸ் ஓட்டும் பிரதிகள். ஒரு பாட் விழுந்தால் அதன் இடத்தில் வேறொன்று, வேறொரு ஐபி முகவரியோடு எழுகிறது. நேற்று பிடித்து வைத்த முகவரி இன்று உதவாது. சர்வீஸ்களுக்கு இடையே ஓடுவதும் பல இடங்களில் மறையாக்கப்பட்டதுதான். அங்கே கம்பியில் பிடித்தால் புரியாத எழுத்துகளே கிடைக்கும்.

பழுதும் இன்று அந்த இடைவெளிகளில்தான் ஒளிந்திருக்கிறது. ஆர்டர் சர்வீஸ் பதிலுக்கு 2 விநாடிதான் காத்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். நெரிசல் நேரத்தில் இருப்பு சர்வீஸுக்கு 3 விநாடி ஆகிறது. ஆர்டர் சர்வீஸ் இணைப்பைத் துண்டித்துவிட்டு மறுபடி கேட்கிறது. பிறகு இன்னொரு முறை. இருப்பு சர்வீஸ் மூன்று முறையும் வேலையை முடித்து, தன் லாகில் 'வெற்றி, 200' என்று எழுதிக்கொள்கிறது. ஆர்டர் சர்வீஸின் லாகிலோ மூன்று டைம்அவுட். இரண்டு டீமும் தங்கள் லாகைக் காட்டி, தங்கள் பக்கம் தவறில்லை என்கின்றன. இரண்டு லாகும் பொய் சொல்லவில்லை. வாடிக்கையாளருக்கு மட்டும் ஆர்டர் விழவில்லை.

இந்த இழுபறியைத் தீர்க்கத்தான் புதிய கருவிகள் வந்தன. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, அது போகும் வழியெல்லாம் பின்தொடரும் முறையை கூகுள் 2010இல் டாப்பர் என்ற ஆய்வுக் கட்டுரையில் விளக்கியது. அதன் வழியில் ட்விட்டரின் ஜிப்கின் 2012இலும் ஊபரின் யேகர் 2017இலும் பொதுவுக்கு வந்தன. 'டிரேஸ்பேரன்ட்' என்ற தலைப்பு வரியில் 32 எழுத்து எண் ஒன்றைச் சுமந்து செல்லும் முறையை 2020இல் வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு தரமாக்கியது. லினக்ஸ் கெர்னலுக்குள் 2014இல் வந்த ஈபிபிஎஃப் என்ற வசதி, குபெஷார்க் போன்ற கருவிகளுக்கு வழி திறந்தது. நிரலில் ஒரு வரியும் மாற்றாமல், மறையாக்கம் செய்யும் ஃபங்ஷனுக்குள் செய்தி நுழையும் இடத்திலேயே அதைப் படித்துவிட முடிகிறது. மேலே சொன்ன பழுது இன்று திரையில் மூன்று கோடுகளாகத் தெரியும்: மூன்றும் 2 விநாடியில் அறுந்திருக்கும், பதில்கள் 3 விநாடியில் யாருமில்லாத வாசலுக்கு வந்து நிற்கும். அதற்கு மேல் வாதாட இரு பக்கமும் ஒன்றும் இருக்காது.

ஆதாரம் கிடைத்தது பெரிய லாபம். பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ வீட்டில் இருந்தபடியே அதைப் பார்க்க முடிவது இன்னொரு லாபம். இழந்தது, மொத்த மென்பொருளையும் மனத்தில் வைத்திருந்த மனிதரை. அன்று ஒவ்வொரு அலுவலகத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். லாகின் ஒரு வரியைப் பார்த்ததும் காரணத்தைச் சொல்வார். இன்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது தன் சர்வீஸ் மட்டுமே. கருவி முழுப் படத்தையும் காட்டுகிறது. அதை முழுதாகப் படிப்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இன்னொரு பொறுப்பும் கூடியிருக்கிறது. அந்தத் திரையில் ஓடுவது மக்களின் பெயர், முகவரி, கைபேசி எண். 2023இல் இந்தியாவுக்கு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பார்க்க முடிகிறது என்பதற்காக எல்லாரும் எல்லாவற்றையும் பார்க்கலாகாது.

இந்த வேலைக்கு வரும் எங்கள் மாவட்டத்துத் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: உங்கள் சர்வீஸ் வழியாகப் போகும் அடையாள எண்ணை ஒருபோதும் நடுவழியில் விட்டுவிடாதீர்கள். தனிநபர் விவரங்களை மறைத்த பிறகே டிராஃபிக்கைத் திறந்து பாருங்கள். மாதம் ஒரு முறையாவது, பழுது எதுவும் இல்லாத நாளில், ஒரு கோரிக்கையை முதலிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்து படியுங்கள்.