தானே குளிரைச் சீராக்கும் கார்

கொளுத்தும் வெயிலில் நின்ற காருக்குள் ஏறினால் அடுப்பங்கரைக்குள் நுழைந்தது போல இருக்கிறது. உடனே குளிர்சாதனத்தின் குமிழை முழுவதும் திருப்பிவிடுகிறோம். சற்று நேரத்தில் உடல் நடுங்குகிறது, குறைக்கிறோம். மேகம் விலகி வெயில் அடித்தால் மறுபடியும் கூட்டுகிறோம். வண்டி ஓட்டுபவரின் கண்கள் சாலையில் இருக்க வேண்டிய நேரத்தில், அவர் கை குமிழைத் தேடுகிறது. இந்த வேலையைக் காரே பார்த்துக்கொண்டால் என்ன?

அமெரிக்காவின் பாக்கார்டு நிறுவனம் 1940-ஆம் ஆண்டு மாடல் கார்களில் குளிர்சாதனத்தைப் பொருத்தித் தந்தது. வெப்பநிலையைக் கண்காணிக்கும் கருவி எதுவும் அதில் இல்லை. அதை முற்றிலும் நிறுத்த வேண்டுமானால் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, எஞ்சின் மூடியைத் திறந்து, கம்பிரசரின் பெல்ட்டையே கழற்ற வேண்டுமாம்! 1964-ஆம் ஆண்டு மாடலில் கேடிலாக் நிறுவனம் இந்தத் தொல்லையைத் தீர்த்தது. வேண்டிய வெப்பநிலையை ஒருமுறை குறித்துவிட்டால், சூட்டையும் குளிரையும் காரே சீராக்கிக்கொள்ளும்.

எப்படி? குழம்பு கொதிக்கும்போது அம்மா ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறார். குறைந்தால் உப்புச் சேர்க்கிறார். மீண்டும் ருசி பார்க்கிறார். காரில் ருசி பார்க்கும் நாக்கு, தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். காருக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இவற்றை வைக்கிறார்கள். உள்ளே இருப்பது டாஷ்போர்டின் சூட்டையே அளந்து ஏமாந்துவிடக் கூடாதே! அதற்காக, காருக்குள் இருக்கும் காற்றை ஒரு சிறு துளை வழியாக இழுத்து அதன்மேல் படச் செய்கிறார்கள். பிற்காலக் கார்களில் வெயிலை உணரும் கருவியும் உண்டு.

பழைய காரில் இவ்வசதியைச் செய்துகொள்ள விரும்புவோர், முகப்புப் பலகையை மாற்றினால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். பணம் வீணாவது இங்கேதான். டாஷ்போர்டின் பின்னுள்ள பெட்டியில், குளிர்ந்த காற்றில் எவ்வளவு வெந்நீர்ச் சுருளின் வழியே போக வேண்டும் என்பதை ஒரு சிறு கதவு முடிவு செய்கிறது. பல பழைய கார்களில் குமிழிலிருந்து செல்லும் கம்பி அக்கதவை இழுக்கிறது. தானியங்கி முறையில் அங்கே ஒரு சிறு மின்மோட்டார் வேண்டும். கதவு எந்நிலையில் இருக்கிறது என்பதைத் திரும்பச் சொல்லும் வசதியும் வேண்டும். மூன்று நான்கு படிகளில் ஓடும் காற்றாடிக்கும் படியில்லாமல் வேகத்தை மாற்றும் கருவி தேவை. புதிய வயர்களும் இழுக்க வேண்டும். பெட்டியையே மாற்றுவதென்றால் குளிர்வாயுக் குழாயைத் திறக்க நேரும். அவ்வாயுவைக் காற்றில் விடாமல் பிடித்து வைக்கத் தெரிந்தவரிடமே அதை ஒப்படைக்க வேண்டும்.

இத்தனை செலவும் தேவையா என்று கேட்டால், ஊருக்குள் மட்டும் ஓடும் காருக்குக் குமிழே போதும் என்போம். கம்பி அறுந்தால் சிறு செலவில் மாற்றிவிடலாம். நெடுந்தூரம் ஓடும் காருக்கு மாற்றம் நல்லதே. மாற்றிய பிறகு, டாஷ்போர்டின் மேலுள்ள அந்தச் சிறு கறுப்புப் பொட்டின்மீது பொம்மையோ கைக்குட்டையோ வைக்காதீர்கள். உச்சி வெயிலிலும் வெயில் இல்லை என்றே கருவி நினைத்துக்கொள்ளும்.